பொறுமை இழந்தவர்: ஒருவர்

இதுல ஆள் வருதாக்கா? வரலேல்லா? அப்போ இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, நான் ஜன்னலோரமாத் தள்ளி உக்காந்துக்கிடுதேன். கனமாத்தான் இருக்கும். நான் எழுதுன ஆராய்ச்சிப் பொஸ்தகம். கல்யாணத்துல பரிசாக் குடுக்கதுக்குக் கொண்டு போறேன். எவர்சில்வர் குடம் எல்லாரும்தான் குடுப்பாவ.

சுரண்டைக்குத்தான். எங்க அத்தை மவன் கல்யாணம், பத்தரைக்கு மேல முகூர்த்தம். செண்பகராமன்னு பேரு. ஈபியில வேலை. அந்த மாப்பிள்ளை என்னயத்தான் கட்டிக்கிடுததா இருந்தாவ. ஏங்க்கா அப்படிப் பாக்கிய? நான் ஒண்ணும் மூக்கைச் சிந்திக்கிட்டுப் போகல. எனக்கு வருத்தமெல்லாம் கெடையாது, கோவந்தான். மனுசனுக்குப் பொறுமைன்னு ஒண்ணு வேணும்லா? பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாவ? அத்தானுக்கு எல்லா நல்ல குணமும் உண்டுக்கா. வெத்தலை கூடப் போட மாட்டாவ. பொறுமை மட்டும் கெடையாது. பஸ்சு போய்ச் சேர நேரங் கெடக்கு, நான் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் பேரு சுடலைவடிவு. வீட்ல வடிவும்பாவ. யுனிவர்சிட்டில கணக்கும் புள்ளியியலும் சேந்த டிபார்ட்மெண்ட்ல பிஎச்டி. எதுலன்னு கேக்கியளா? வரிசையில. ஒரு ஜன்னல் இருக்கு, அதுக்கு முன்னால ஆள் நிக்கு. ஒருத்தன் வாரான், வரிசை நீளத்தைப் பாத்ததுமே ஐயோ சாமின்னு திரும்பிப் போறான். இன்னொருத்தன் நின்னு பாக்கான், கால் மாத்தி நின்னு பாக்கான், பொறவு ஏசிக்கிட்டே போறான். அவன் எப்போ போவான்? அதுக்குச் சூத்திரம் உண்டு. அதான் என் ஆராய்ச்சி. பொறுமை இழக்கிற மனுசங்களைப் பத்தி. எங்கம்மாகிட்ட இதைச் சொன்னப்போ, 'வரிசையில நிக்கதுக்கு எதுக்குட்டி படிப்பு, ரேசன் கடைக்கு வா, சும்மாவே சொல்லித் தாரேன்'னா.

எங்க கைடு ஞானசிகாமணி சார். தங்கமான மனுசர். அவிய சொன்னாவ, 'வடிவு, காகிதத்துல வரிசை வரையாத, உயிருள்ள வரிசையா ஒண்ணு பிடி'ன்னு. பிடிச்சேன். பரீட்சைப் பிரிவுல மூணாம் நம்பர் ஜன்னல். சர்டிபிகேட் குடுக்க ஜன்னல். அங்க பிரமநாயகம் அண்ணாச்சின்னு ஒரு கிளார்க்கு. அவிய ஒரு விண்ணப்பத்தை வாங்குனாவன்னா பொண்ணு வீட்டு ஜாதகத்தைப் பாக்க மாதிரித் திருப்பித் திருப்பிப் பாப்பாவ. பேனாவைத் தேடுவாவ. கிடைச்சதும் மூடியைத் தேடுவாவ. வெளிய வெயில்ல சனம் கொதிக்கும். அந்த மனுசர் மட்டும் வேகமா வேலை பாத்திருந்தா எனக்கு ஆராய்ச்சியே கெடையாது. முன்னுரையில முதல் நன்றி அவியளுக்குத்தான் போட்டேன், அம்மாவுக்கு ரெண்டாவது.

ஜன்னலுக்கு எதுத்தாப்புல ஒரு புங்கமரம். அதுக்கடியில உக்காந்து யாரு வாரா, யாரு போறான்னு குறிப்பேன். சனிக்கிழமையானா அத்தான் பைக்கை எடுத்துக்கிட்டு வந்திருவாவ. சாப்பாடு கட்டிக்கிட்டு வருவாவ. பக்கத்துல உக்காந்து அவிய பேசுவாவ, நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டே உம் கொட்டுவேன். 'எப்போ முடியும் வடிவு?'ம்பாவ. 'சராசரியா இன்னும் ஒரு வருசம் அத்தான்'ம்பேன். மறு வருசம் கேட்டாவ. அப்பவும், சராசரியா இன்னும் ஒரு வருசம். அதுக்கு மறு வருசமும் அதேதான். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாவ. இதுல என் தப்பு என்னக்கா இருக்கு? சில வரிசை அப்படித்தான். எவ்வளவு நேரம் நின்னிருந்தாலும், இனிமே நிக்க வேண்டியது முதல்ல இருந்த அதே அளவுதான். நிரூபிச்ச விசயம். அத்தானுக்கு ஒரு தாள்ல நிரூபிச்சும் காட்டுனேன். மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாவ. புரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்.

ஒரு வழியா எழுதி முடிச்சேன். வெளியூர்ப் பரிசோதகருக்குப் போச்சு. சரோஜினி வாரியர்னு கேரளாவுல பெரிய பேராசிரியை. நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிட்டு, கடைசியில ஒரு வரி போட்டிருந்தாவ. வாய்மொழித் தேர்வுக்கு வாரப்போ இந்த ஜன்னலையும் வரிசையையும் நேர்ல பாக்கணுமாம். அவ்வளவுதானன்னு நானும் சாரும் சந்தோசப்பட்டோம். வெண்ணெய் திரண்டு வார நேரத்துல தாழி உடைஞ்ச கதை கேட்டிருக்கியள்லா? அடுத்த திங்கக்கிழமை போறேன், ஜன்னல் மூடிக் கெடக்கு. இனிமே எல்லாமே கம்ப்யூட்டர் வழியாத்தான்னு ஒரு போர்டு. பிரமநாயகம் அண்ணாச்சியை விருந்தினர் விடுதிக்குத் தலகாணி உறை எண்ண அனுப்பிட்டாவ. வரிசை நின்ன இடத்துல ஒரு நாய் படுத்திருக்கு.

சாருகிட்ட ஓடுனேன். சாரு அந்த மாசக் கடைசியில ரிட்டையர்டு. அதுக்குள்ள தேர்வு நடக்கலேன்னா வேற கைடு, வேற கமிட்டி, மறுபடி அரிச்சுவடியில இருந்து. அத்தானா, 'இந்த மாசம் உறுதியா முடியும்லா?'ன்னு கேட்டுக் கேட்டு அத்தைகிட்டப் பதிலைத் தள்ளிப் போட்டுக்கிட்டு வாராவ. அத்தை சுரண்டையில ஒரு பொண்ணைப் பாத்து வச்சாச்சு. சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாவ. தொடச்சுட்டு, 'வரிசை வேணும் வடிவு. அவ்வளவுதான. நம்ம கிட்ட ஆள் இல்லையா?'ன்னாவ.

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு வழக்கம் உண்டுக்கா. கைடு சொன்னா மறுபேச்சுக் கெடையாது. சாரு வீட்ல காது குத்துன்னா நாங்கதான் பந்தி விளம்பணும். சாரு வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் பதிவு பண்ணுதது டோப்பாலஜி படிக்க மைதீன் பாத்து. அதனால சாரு எல்லா ஆராய்ச்சிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, 'நாளையில இருந்து மூணாம் ஜன்னல் முன்னால போய் நில்லுங்க'ன்னாவ. ஏன்னு ஒருத்தரும் கேக்கல. மைதீன் பாத்து மட்டும், 'வரிசை வளையலாமா சார்?'ன்னு கேட்டா. அவ படிப்பு அப்படி, எதை வளைச்சாலும் நீட்டுனாலும் ஒண்ணுதாம்பாவ.

முதல் நாள் எல்லாமே தப்பாப் போச்சு. டீ குடிச்சிட்டு மொத்தமாக் கிளம்பி மொத்தமா வந்து நிக்காவ. அப்படி வந்தா சூத்திரம் செல்லாதுக்கா. ஒரு ஆள் வாரதுக்கும் இன்னொரு ஆள் வாரதுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. நான் ஆளுக்கொரு நாணயத்தைக் குடுத்தேன். மரத்தடியில நின்னு சுண்டணும், தலை விழுந்தா வரிசைக்குப் போகணும், பூ விழுந்தா கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடி சுண்டணும். வரிசையில பேசப்படாது, சிரிக்கப்படாது. யாராவது எதுக்கு நிக்கியன்னு கேட்டா சொல்லவே கூடாது, சொன்னா நடத்தை மாறிரும். நான் செஞ்ச ஏற்பாட்டுலயே அதுதான் நல்ல ஏற்பாடு.

யோசிச்சுப் பாருங்க. மூடுன ஜன்னல். அதுக்கு முன்னால நல்லாப் படிச்ச பிள்ளைக, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்காவ. அங்கங்க மரத்தடியில நாலு பேரு காசைச் சுண்டிப் பாத்துட்டு ஓடி வந்து சேருதாவ. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்காவ. பாக்கவன் என்ன நெனைப்பான்? உள்ள ஏதோ குடுக்கான், இவங்க மறைக்கானுவன்னுதான நெனைப்பான்? முதல்ல தமிழ் டிபார்ட்மெண்ட் பையன் ஒருத்தன் வந்து நின்னான். அவனைப் பாத்து ரெண்டு பேரு. மத்தியானத்துக்குள்ள வரிசை நூலகத்தைத் தாண்டிருச்சு.

பீஸைத் திருப்பிக் குடுக்காவன்னு ஒரு பேச்சு. பெயிலானவங்களுக்கு மார்க்குப் போடுதாவன்னு ஒரு பேச்சு. மறுநாள் சங்கரன்கோவில்ல இருந்து தாய் தகப்பனெல்லாம் தூக்குச்சட்டியோட வந்துட்டாவ. சுண்டல்காரன் வந்துட்டான், சுக்குக் காப்பி வந்துட்டு. ஒரு கட்சிக்காரரு வந்து வரிசைக்கு நிழல்பந்தல் போட்டுத் தன் படத்தையும் மாட்டிட்டுப் போனாரு. மதிய வெயிலுக்கு ஒதுங்குதவங்க தன் இடத்துல ஒரு கல்லை வச்சுட்டுப் போறாவ. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கல்லு எங்கயாவது பொறுமை இழக்குமாக்கா?

ரிஜிஸ்ட்ராருக்குப் பயம் பிடிச்சுக்கிட்டு. மௌனப் போராட்டம்னு நெனைச்சுட்டாரு. மைக்கோட வந்து, 'உங்க கோரிக்கை என்ன?'ன்னு கேட்டாரு. 'தலைவர் யாரு?'ன்னாரு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காவ. கோரிக்கை வச்சவனைப் பேசிச் சமாளிச்சிரலாம், கோரிக்கையே இல்லாதவனை என்ன செய்ய? அவருக்கு வேர்த்துப் போச்சு. சாயங்காலமே உத்தரவு வந்துட்டு, மூணாம் ஜன்னலைத் திறக்கணும்னு. பிரமநாயகம் அண்ணாச்சி விடுதியில இருந்து சீலும் கையுமா வந்து உக்காந்தாவ.

என்னத்தைக் குடுக்கன்னு அவியளுக்கும் தெரியாது, என்னத்தை வாங்கன்னு வந்தவங்களுக்கும் தெரியாது. ரேசன் கார்டு நகலை ஒருத்தி நீட்டுனா. அவிய வழக்கம் போலத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சரிபார்க்கப்பட்டதுன்னு சீலைக் குத்திக் குடுத்தாவ. அவ கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறா. பொறவு மார்க்கு சீட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மணியார்டர் ரசீது, எதைக் குடுத்தாலும் சீல். ஒருத்தரு மவ ஜாதகத்தைக் குடுத்தாரு. அதுக்கும் சரிபார்க்கப்பட்டது. அந்தப் பொண்ணுக்கு இனிமே எந்தத் தோசமும் கெடையாதுன்னு அவரு பேசிக்கிட்டே போறாரு.

எல்லாம் நல்லபடியா இருக்கு, வரிசையும் கிடைச்சாச்சு, பொறவு என்னட்டி கவலைங்கியளா? இருக்கே! ஒருத்தரும் போக மாட்டேங்காவக்கா! என் ஆராய்ச்சியே பொறுமை இழந்து போறவங்களைப் பத்தி. முன்னால அதே ஜன்னல்ல, சர்டிபிகேட்டு வேணும்னு வந்தவன் அரை மணி, முக்கா மணியில சலிச்சுப் போயிருவான். இப்பம் காலையில வந்தவன் பொழுது சாயுத வரைக்கும் நிக்கான், மறுநாளும் வாரான். போறவங்க எண்ணிக்கை சைபர். அந்தச் சைபரைச் சூத்திரத்துல போட்டா காத்திருக்க நேரம் முடிவே இல்லாமப் போகுது. சாரு தலையில கையை வச்சுட்டாவ. 'அந்தப் பரிசோதகரம்மா வந்து பாத்தா உன் தீசிஸ் மொத்தமும் பொய்யின்னு ஆயிருமே வடிவு'ன்னாவ.

நான் வரிசையில ஒவ்வொருத்தர் கிட்டயாப் போய்க் கெஞ்சுனேன். 'இங்க ஒண்ணும் கிடைக்காதும்மா, வீட்டைப் பாக்கப் போங்க.' ஒரு ஆச்சி என்னய மேலும் கீழும் பாத்துட்டு, 'அப்போ நீ எதுக்குட்டி தெனமும் இங்கனயே கெடக்கே?'ங்கா. பக்கத்துல நின்னவரு, 'நம்மளை விரட்டிட்டு இவ வாங்கிக்கிடலாம்னு பாக்கா'ங்காரு. நான் கெஞ்சக் கெஞ்ச இன்னும் நெருக்கி நிக்காவ. சாரு ஒரு யோசனை சொன்னாவ, தன் மச்சினனை வரிசையில நிப்பாட்டி, அந்த அம்மா பாக்கும்போது ஏசிக்கிட்டுப் போகச் சொல்லலாம்னு. எனக்கு வந்த கோவம்! 'சார், என்ன வேணாச் சொல்லுங்க, டேட்டாவுல பொய் மட்டும் நான் செய்ய மாட்டேன்'னுட்டேன். படிப்புக்கு ஒரு நேர்மை வேண்டாமாக்கா?

தேர்வு நாளும் வந்துட்டு. சரோஜினி மேடம் காலையிலயே வந்து, குடையைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலோரமா நின்னு பாக்காவ. நான் ஒரு பக்கம், சாரு ஒரு பக்கம். மேடம் வாட்சைப் பாக்காவ, வரிசையைப் பாக்காவ. ஒரு ஈ காக்கா கூட வரிசையை விட்டு அசையல. 'மிகப் பொறுமையான ஊர்'னு மலையாளமுந் தமிழுமாச் சொன்னாவ. இவ்வளவு வருசம் படிச்ச படிப்பு, ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சலிச்சுக்கிட்டுப் போனாப் போதும்னு சொரிமுத்தையனாரை வேண்டிக்கிட்டு நிக்கேன்.

அப்பத்தான் பாக்கேன், அத்தான் வரிசையில நிக்காவ.

நாந்தான் போன்ல, 'மூணாம் ஜன்னல் பக்கத்துல இருப்பேன், வாங்க'ன்னு சொல்லியிருந்தேன். வரிசையில வராம ஜன்னல் கிட்டப் போக வாட்ச்மேன் விடல போல, விடியுமுந்தியே வந்து நின்னிருக்காவ. வெள்ளைச் சட்டை போட்டு, கையில மல்லிகைப்பூப் பொட்டலம் வச்சிருந்தாவ. என்னயப் பாத்துக் கையைக் காட்டுனாவ. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஆராய்ச்சி பண்ணுதவ வரிசையில நிக்கவங்ககிட்டப் பேசுனா அது ஆராய்ச்சியே இல்ல. கொஞ்சங் கொஞ்சமா நகந்து, எனக்கு நேரா வந்துட்டாவ. மெதுவாத்தான் கேட்டாவ.

'வடிவு, சுரண்டைக்காரங்களுக்கு இன்னைக்கிப் பதில் சொல்லணும். அம்மா போன்லயே உக்காந்திருக்கா. நான் நிக்கவா, போகவா?'

மேடம் பக்கத்துலயே நிக்காவ. நான் என்ன சொல்லுவேன்? நில்லுங்கன்னாலும் தப்பு, போங்கன்னாலும் தப்பு. ரெண்டுல எதைச் சொன்னாலும் டேட்டா கெட்டுப் போகும்லா?

'அது உங்க இஷ்டம் அத்தான். நான் சொல்லக் கூடாது'ன்னேன்.

அவிய என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாவ. வலது காலை மாத்தி இடது கால்ல நின்னாவ. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் தொடச்சாவ. நான் குறிப்பு நோட்டைத் திறந்துட்டேன். ஏன்னா போறதுக்கு முந்தி மனுசன் இப்படித்தான் செய்வான், மூணாவது அத்தியாயத்துலயே எழுதியிருக்கேன். பொறவு பூப்பொட்டலத்தைப் பின்னால நின்ன ஒரு அம்மா கையில குடுத்துட்டு, 'நான் போறேன் வடிவு'ன்னாவ. வரிசையை விட்டு வெளிய வந்தாவ. நான் சத்தம் போட்டுட்டேன். 'மேடம், போறாவ! அன்னா போறாவ, பாத்துக்கிடுங்க!' வாட்சைப் பாத்தேன், பதினொண்ணே கால். சாரு கண்ணுல தண்ணி. அந்த வெயில்ல என் கையைப் பிடிச்சுக் குலுக்குதாவ. மேடமும் தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கிட்டாவ.

மத்தியானம் ஹால்ல தேர்வு. மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. 'அவர் ஒருவர் மட்டும் எதனால் போனார்?' நான் பட்டுன்னு சொன்னேன், 'பொறுமை இல்ல மேடம்.' எல்லாரும் கையைத் தட்டுனாவ. சாரு எழுந்திருச்சு, டாக்டர் சுடலைவடிவுன்னு கூப்பிட்டாவ. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசம் என் ஆயுசுல வந்ததில்லக்கா. கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் வந்துட்டு. நான் முதல் கேசரியை எடுத்துக்கிட்டு அத்தானைத் தேடுதேன். ஹாலெல்லாம் தேடுதேன். காணோம்.

போன் போட்டேன். 'அத்தான், முடிஞ்சிட்டு! இனிமே நாள் பாக்கச் சொல்லுங்க. எங்க இருக்கிய?'ன்னேன்.

'நான் போயிட்டேன் வடிவு. நீதான பாத்தே'ன்னாவ.

'ஆமா, பாத்தேன். பதினொண்ணே காலுக்கு'ன்னேன்.

'சந்தோசமா இரு'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாவ. எல்லாம் முடிஞ்சுதுக்கா. அன்னைக்கி ஒரு நாள், இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் நின்னிருந்தா நானே அவியளைத் தேடிப் போயிருப்பேன்லா? இப்பம் சொல்லுங்க, யாரு மேல தப்பு?

பொஸ்தகத்துல அவியளையும் சேத்துத்தான் அச்சடிச்சிருக்கேன். பேரு போடக் கூடாது, அதுதான் முறை. கடைசி அட்டவணையில, பொறுமை இழந்தவர் ஒருவர்னு போட்டிருக்கேன். காட்டுனா அவியளுக்குப் பெருமையாத்தான் இருக்கும். அந்த ஒருத்தர் இல்லேன்னா இந்தப் பட்டமே இல்ல.

ஆனா மேடம் கார்ல ஏறுதப்போ ஒண்ணு சொல்லிட்டுப் போனாவ. 'அவர் போனது இருக்கட்டும், மற்ற அத்தனை பேரும் ஏன் போகவில்லை? அடுத்ததாக அதை எழுது'ன்னு. அதைத்தான் ராப்பகலா யோசிச்சேன். விடை கிடைச்சிட்டு, நேத்துத்தான். சொல்லட்டா? எதுக்கு நிக்கோம்னு தெரிஞ்சவன், நின்னா கிடைக்குமா, கிடைக்கது இந்த நிப்புக்குப் பெறுமான்னு மனசுக்குள்ள கணக்குப் போடுவான். பெறாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கிப் போயிருவான். எதுக்குன்னே தெரியாதவன் என்னத்தை வச்சுக் கணக்குப் போடுவான்? அவன் நிப்பான். நின்னுக்கிட்டே இருப்பான். எவ்வளவு எளிமையா இருக்கு பாத்தியளா? பேப்பர் ஆரம்பிச்சிட்டேன்.

எழுதிக்கிட்டே வாரப்போதான், அப்போ அத்தான் போனாவளேன்னு...

இல்லக்கா, ஒண்ணுமில்ல. அழுகைதான் வருது. கோவத்துல வருத அழுகை. சனிக்கிழமை தவறாம சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து அந்த மரத்தடியில உக்காந்தாவளே, அதுவும் நிப்புத்தானக்கா? அந்த வரிசையிலயே அவிய ஒருத்தருக்குத்தான் எதுக்கு நிக்கோம்னு தெரியும். தெரிஞ்ச மனுசன் இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதாக்கா?